கை கூப்பாத பிள்ளைக்காக

நான் சாமி கும்பிடுகிறவள். என் வீட்டுக்காரர் கும்பிடாதவர். கல்யாணம் பேசும்போது இதை யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. மாப்பிள்ளை தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறார், குடிப்பழக்கம் கிடையாது. இந்த இரண்டையும் விசாரித்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என்னை அனுப்பிவைத்தார்கள். வந்த முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, திருநீற்றுத் தட்டை அவர் முன்னால் நீட்டினேன். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார்.

“எனக்கு இது கிடையாது. உனக்கு உண்டும்னா தாராளமா பூசிக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயும் என்ன ஒண்ணும் சொல்லாத.”

அன்றைக்கு முழுவதும் அழுதேன். பிறகு பழகிவிட்டது. முன்னறைச் சுவரில் அவருடைய இயக்கத் தலைவர் படம், அடுக்களைச் சுவரில் என்னுடைய திருச்செந்தூர் முருகன். நான் விளக்கேற்றும் நேரத்தில் அவர் வாசலில் நின்று பேப்பர் படிப்பார். அவர் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போகும்போது நான் சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பேன். எங்கள் மகள் வெள்ளிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வந்து சுண்டல் தின்பாள், ஞாயிற்றுக்கிழமை அவரோடு கூட்டத்துக்குப் போய்க் கடலை தின்பாள். யார் பக்கம் என்று அவளை நாங்கள் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கல் லாரிகள் போகும் சத்தத்தில் தெருவில் நின்று பேச முடியாது. அவள் படித்தது நகராட்சிப் பெண்கள் பள்ளி. கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள், துணிக்கடைத் தெருவின் முஸ்லிம் பிள்ளைகள், உப்பளத்து வேலைக்காரர் பிள்ளைகள், என்னைப் போல ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லாரும் அங்கேதான் படித்தார்கள். காலையில் மணி அடித்ததும் வரிசையாக நின்று பிள்ளையார் பாட்டுப் பாட வேண்டும். அது எத்தனையோ காலமாக நடந்துவந்ததுதான். பாடுகிற பிள்ளை பாடும், பாடாத பிள்ளை வாயை அசைக்கும். யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

அந்த வருசம் புதுத் தலைமையாசிரியை வந்தார். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்றார்கள். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே கிடையாது. அதுவரை மணி அடித்து வெகுநேரம் ஆனபிறகும் பிள்ளைகள் ஊர்ந்து ஊர்ந்து வரும். அவர் வந்தபிறகு வாசல் கதவு நேரத்துக்குச் சாத்தப்பட்டது. கணக்கு எடுக்க ஆள் இல்லாத வகுப்புக்கு அவரே போய்க் கணக்கு எடுத்தார். அந்த ஒழுங்கில் பிரார்த்தனையையும் சேர்த்துவிட்டார். எல்லாரும் கை கூப்ப வேண்டும், கண்ணை மூட வேண்டும், சத்தமாகப் பாட வேண்டும். வரிசைக்கு ஒரு பிள்ளையைக் கண்காணிக்கவும் நிறுத்தினார்.

என் மகளின் பக்கத்தில் உட்காருகிறவள் கடற்கரைப் பிள்ளை. அவளுடைய அப்பா சங்கு குளிக்கிறவர், மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடிமட்டம் வரைக்கும் இறங்குகிற ஆள். அந்த வீட்டில் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் விரல் தொட்டுச் சிலுவை போடாமல் எந்தக் காரியமும் தொடங்காது. அந்தப் பிள்ளையும் சொன்னபடி கை கூப்பி, சொன்னபடி சத்தமாகப் பிள்ளையார் பாட்டைப் பாடிவிட்டு, முடிந்ததும் தன் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். பெரிய டீச்சர் பார்த்துவிட்டார்.

“இது பள்ளிக்கூடம். உங்க கோயில் இல்ல. அத அங்க வச்சுக்க” என்று சொல்லி, முதல் பாடவேளை முழுக்க அவளை மைதானத்து வெயிலில் நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை பாட்டுத் தொடங்கியபோது என் மகள் கையைக் கூப்பவில்லை. இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டு, கண்ணைத் திறந்துவைத்து, வாயை மூடிக்கொண்டு நின்றாள். பெரிய டீச்சர் அருகில் வந்து கேட்டார்.

“ஏன் கும்பிடல?”

“அவ சாமிய அவ இங்க கும்பிடக் கூடாதுன்னா நானும் கும்பிடல டீச்சர்.”

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்பில் இடம்.

பகல் வேளையில் பிள்ளை பையோடு வாசலில் வந்து நின்றாள். நடந்ததைக் கேட்டதும் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் கும்பிடாதவர்களா? நான் ஏற்றுகிற விளக்குக்கு என்ன மதிப்பு?

“ஏளா, சாமி உன்ன என்ன செஞ்சது?” என்று கத்தினேன்.

“சாமி ஒண்ணும் செய்யலம்மா. டீச்சர்தான் செஞ்சாவ.”

வெயிலில் நின்றதில் அந்தக் கடற்கரைப் பிள்ளைக்கு மயக்கம் வந்ததையும், தண்ணீர் கொடுக்கப் போன என் மகளைத் தடுத்ததையும் அவள் அதற்குப் பிறகுதான் சொன்னாள். நான் அடுக்களைக்குள் போய் முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை. கோபம் மட்டும் மெல்ல இடம் மாறியது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டை முழுக்க கிரீஸ் கறையோடு மகளைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். பெட்டியைத் திறந்து கறுப்புச் சட்டையை எடுத்தார்.

“நாளைக்கு நான் வாரேன். அந்த டீச்சருக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் சொல்லிக் குடுக்கேன். அரசியல் சட்டம் இருபத்தெட்டாவது பிரிவு!”

“நீங்க வரக் கூடாதுப்பா” என்றாள் மகள்.

அவர் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்க வந்தா, அப்பா சொல்லிக் குடுத்துத்தான் இவ இப்பிடிச் செய்யுதான்னு சொல்லிருவாவ. யாரும் சொல்லிக் குடுக்கல. அம்மா வரட்டும். அம்மாவப் பாத்தா அப்பிடிச் சொல்ல முடியாது.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் நின்று பேசியதே இல்லை. பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் புளி நன்றாக இல்லை என்று சொல்வதற்கே இரண்டு தரம் யோசிப்பேன். ஆனாலும் மகள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போவதற்கு முன் மீன் சந்தைக்குப் போனேன். நாங்கள் சைவம். அந்தப் பக்கம் நான் போனதே கிடையாது. அந்தப் பிள்ளையின் அம்மா ஈரத் தரையில் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“யக்கா, உங்க பிள்ளய எதுக்கு இதுல இழுக்கணும்? எம் பிள்ளைகிட்ட நான் சொல்லிட்டேன். அங்க சிலுவ போடாத, வீட்டுல வந்து போட்டுக்கன்னு. படிப்பு போயிட்டா இந்தக் கூடதான அவளுக்கும்?”

“உங்க வீட்டு ஆளு கடலுக்குள்ள இறங்கும்போது இங்க போடாத, வீட்டுல வந்து போட்டுக்கன்னு சொல்லுவியளா?”

அவள் கூடையைப் பக்கத்துக்காரியிடம் தள்ளிவிட்டு, “நடங்க, நானும் வாரேன்” என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றதும் பெரிய டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் விஷயம் ஊரில் பரவியிருந்தது. துணிக்கடைத் தெருவிலிருந்து ஒருவர், தங்கள் பிள்ளைகளையும் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோயில் கமிட்டியில் இருந்த உப்பளக்கார அண்ணாச்சி, பிரார்த்தனையில் கைவைத்தால் சும்மா இருக்கமாட்டோம் என்று ஆள் அனுப்பியிருந்தார். கடைசியில், சனிக்கிழமை பெற்றோர் எல்லாரையும் கூட்டிப் பேசிவிடலாம் என்று முடிவாயிற்று.

இடையில் இருந்த நாட்களில் என் வீட்டுக்காரர் எனக்குப் பாடம் நடத்தினார். அரசாங்கப் பணத்தில் நடக்கிற பள்ளியில் மதப் பாடம் கூடாது, வழிபாட்டில் சேரச் சொல்லி ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். தோசை சுடும்போதும் ஒப்பித்தேன். “பிரிவு எத்தன?” என்று குளியலறைக்கு வெளியே நின்றுகூடக் கேட்டார்.

சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். நெற்றி நிறையத் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, அப்படியே பள்ளிக்கு நடந்தேன். அவரும் மகளும் எதிர்ப்புற டீக்கடையில் நின்றுகொண்டார்கள். உள்ளே வரமாட்டேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

பெரிய வகுப்பறையில் ஆண்கள் பெஞ்சிலும் பெண்கள் பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். நகராட்சி உறுப்பினர் தலைமை. உப்பளக்கார அண்ணாச்சிதான் முதலில் எழுந்தார்.

“காலம் காலமா நடக்கிற வழக்கம் இது. ரெண்டு பிள்ளைக்காக மாத்த முடியுமா? சாமி பயம் இல்லாத பிள்ள நாளைக்குத் தாய் தகப்பனுக்குப் பயப்படுமா? இதெல்லாம் கறுப்புச் சட்டக்காரன் வேல. அந்தப் பிள்ளையோட அப்பன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.”

பெஞ்சிலிருந்து ஆமாம் ஆமாம் என்று குரல்கள் வந்தன. மீன்காரத் தங்கச்சி என் முழங்கையை இடித்தாள். எழுந்தேன். எழுந்ததும் இருபத்தெட்டாவது பிரிவு மறந்துபோய்விட்டது. ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, அந்தப் பிள்ளையோட அம்மா நான். இந்தா, இப்பத்தான் கோயில்ல இருந்து வாரேன்.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

“எங்க வீட்டுல அவிய கும்பிடமாட்டாவ. நான் கும்பிடுவேன். நான் விளக்கேத்தும்போது அவிய ஊதி அணைச்சதில்ல. நானும் அவிய கையப் பிடிச்சுக் கூப்பவச்சதில்ல. ஒரு நாளும் எங்க வீட்டுல இதுக்குன்னு சண்ட வந்ததில்ல. ஒரு சின்ன வீட்டுல முடியுது, இம்புட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துல ஏன் முடியாது?”

“வீடு வேற, பள்ளிக்கூடம் வேறம்மா” என்றார் உறுப்பினர்.

“வேறதான். எங்க அய்யா ஸ்ரீவைகுண்டத்துல நெல்லு வெதச்சுட்டு, மழ பெய்யணும்னு கும்பிடுவாவ. உப்பளத்துக்கார அண்ணாச்சி, நீங்க என்னன்னு கும்பிடுவிய?”

அவர் வாயைத் திறப்பதற்குள், அவருடைய உப்பளத்திலேயே வேலை பார்க்கும் ஒருவர் பின்பெஞ்சிலிருந்து, “மழ பெய்யக் கூடாதுன்னு!” என்று சொல்லிவிட்டார். அறையே சிரித்தது. அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அந்தச் சிரிப்பில் என் பயம் போய்விட்டது.

“ஒரே சாமிகிட்டயே நாம ஆளுக்கு ஒண்ணு கேக்கோம். அது அவரவர் மனசுக்குள்ள இருக்குத காரியம். வெயில்ல நிப்பாட்டிடுவோம்னு மிரட்டி ஒரு பிள்ளையக் கும்பிடவச்சா, அது சாமிக்குப் போய்ச் சேருமா? எங்க முருகனுக்கு அந்த மாதிரிக் கும்பிடு வேண்டாம். நான் அவரக் கும்பிடுதவ, உரிமையோட சொல்லுதேன். எம் பிள்ளையக் கட்டாயப்படுத்தக் கூடாது. எனக்குச் சம்மதம் இல்ல.”

உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் மீன்காரத் தங்கச்சி எழுந்து நின்றாள்.

“எனக்கும் சம்மதம் இல்ல” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் மீன் ஏலத்தில் கூவிப் பழகிய குரல் அது. டீக்கடை வரைக்கும் கேட்டதாக என் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார்.

துணிக்கடைத் தெருக்காரரும் எழுந்தார். அவருக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னோடு கோயிலில் நிற்கிறவர்கள். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பெரிய டீச்சர் கடைசியாக எழுந்தார்.

“அரசியல் சட்டம் இருபத்தெட்டாவது பிரிவு ஒண்ணு இருக்கு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பிள்ளைகள வழிபாட்டுல சேக்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு அதுல சொல்லியிருக்கு. நான் படிச்சிருக்கேன். ஆனா, இங்க யாரும் சம்மதம் இல்லன்னு சொல்லமாட்டாங்கன்னு நெனச்சிட்டேன். இப்ப பெத்தவங்க எந்திரிச்சு நின்னு சொல்லுதாங்க. அந்தப் பிள்ளைய வெயில்ல நிறுத்தினது தப்பு. அதையும் எல்லார் முன்னாலயும் சொல்லிடுதேன்.”

“அப்ப பிரார்த்தனைய நிப்பாட்டிரப் போறியளா?” என்று உப்பளக்கார அண்ணாச்சி கேட்டார். அந்தக் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டது போல இருந்தது.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நீயே சொல்லு என்பது போல.

“பாடணும்னு ஆசைப்படுத பிள்ளைக மணி அடிக்கதுக்கு முன்னால வந்து பாடட்டும் அண்ணாச்சி” என்றேன். “ஒரு வகுப்பறையத் தெறந்து குடுங்க. குர்ஆன் ஓதுத பிள்ள, செபம் சொல்லுத பிள்ள, எந்தப் பிள்ள வந்தாலும் குடுங்க. மணி அடிச்ச பெறவு எல்லாரும் ஒண்ணா நிக்கும்போது, எல்லாருக்கும் உள்ளது மட்டும் நடக்கட்டும்.”

“எல்லாருக்கும் உள்ளதுன்னு என்னம்மா இருக்கு?” என்றார் உறுப்பினர்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. மீன்காரத் தங்கச்சிதான் சொன்னாள்.

“காத்து எந்தப் பக்கம் அடிக்கு, மழ உண்டா, கடலுக்குப் போலாமான்னு ரேடியோவுல சொல்லுவாம்லா? அத வாசிக்கச் சொல்லுங்க. உப்பளத்துக்கும் வேணும், வயக்காட்டுக்கும் வேணும், எங்களுக்கும் வேணும்.”

இந்தத் தடவை முதலில் சிரித்தது உப்பளக்கார அண்ணாச்சிதான். “வாசிக்கட்டும். எனக்கு ரொம்பத் தேவ” என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. உறுப்பினர், நகராட்சியில் கேட்டுவிட்டுச் சொல்வதாக இழுத்தார். பெரிய டீச்சர், “கேட்டுக்கிட்டே இருங்க, நான் திங்கட்கிழமை ஆரம்பிச்சிடுதேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாசலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து தெருவைக் குறுக்கே கடந்து ஓடிவந்தார். கல் லாரி ஒன்று அவரைத் திட்டிக்கொண்டு போயிற்று.

“பிரிவு சொன்னியா?”

“மறந்துட்டேன்.”

அவர் முகம் வாடியது. “பெரிய டீச்சரே சொல்லிட்டாவ” என்றேன். நடுத்தெருவில் நின்று கைதட்டினார். மகள் என் தோளில் தொங்கிக்கொண்டாள். மீன்காரத் தங்கச்சி எங்களைப் பார்த்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, மகளைப் பள்ளியில் விடுவதாகச் சொல்லிக்கொண்டு நானும் போனேன். முன்கூட்டியே வந்து பாடிய பிள்ளைகள் நிறையப் பேர். யாரும் அதட்டாததால் முன்னைவிடச் சத்தமாகவே பாடினார்கள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். இன்னொரு வகுப்பறையில் கடற்கரைப் பிள்ளைகள் கண்ணை மூடி நின்றார்கள். என் மகள் எதிலும் சேராமல் வேப்பமரத்தடியில் ஒரு காலை மடக்கி நின்று புளியங்காய் தின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். மணி அடித்தது. எல்லாரும் ஓடிவந்து ஒரே வரிசையில் நின்றார்கள். வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளையையே பெரிய டீச்சர் மேடைக்குக் கூப்பிட்டார். தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும், மழைக்கு வாய்ப்பில்லை என்று அந்தப் பிள்ளை வாசித்தாள். உப்பளத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. கோயிலில் சிலர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். புருசன் புத்தி எனக்கும் வந்துவிட்டது என்று காதுபடச் சொன்னார்கள். யாரோ மேலிடத்துக்குப் புகார் அனுப்பி, ஓர் அதிகாரி வந்தார். காலை மணிக்கு முன்பும் பின்பும் நின்று பார்த்தார். நேரத்துக்கு வந்த பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார். “இதுல என்ன புகார்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருசம் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. பெண்கள் எல்லாரும் சேர்ந்து என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எதிர்த்து நின்றவர் ஊரில் செல்வாக்கு உள்ளவர். எனக்கு ஓட்டுக் கேட்கத் தெரியாது. “நீ வீட்டுல இரி. நான் பாத்துக்கிடுதேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கோயிலுக்குப் போனபோது வாசலில் ஒரே கூட்டம். நடுவில் அவர் நின்றிருந்தார். அதே கறுப்புச் சட்டை. தேங்காய்ப் பழத் தட்டோடு உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் ஒவ்வொருவராக நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எங்க வீட்டம்மாவுக்கு உங்க ஆதரவு வேணும். பக்தி உள்ளவ. நீங்க நம்பிப் போடலாம்.”

இத்தனை வருசத்தில் அவர் கைகூப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். உள்ளேயிருந்து வந்த பூசாரி ஆள் யார் என்று பார்க்காமல் அவர் உள்ளங்கையில் திருநீற்றைப் போட்டுவிட்டுப் போனார். அவர் திகைத்து நின்றார். கீழே கொட்டவும் இல்லை, பூசவும் இல்லை. விரலை மூடிக்கொண்டு மறு கையால் ஓட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் வெளியே வந்ததும் அந்தக் கையை நீட்டினார்.

“இந்தா, உன் சாமானப் பிடி. இன்னும் ஒரு தெரு பாக்கி இருக்கு.”

வாங்கிப் பூசிக்கொண்டேன். அவர் அடுத்த தெருவுக்கு நடந்தார். தேர்தலில் எனக்குக் கிடைத்த ஓட்டில் பாதிகூட எதிரில் நின்றவருக்கு விழவில்லை.